தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கொடி

மொட்டைமாடிக் கொடிகளைப் பார்த்தே எங்கள் வரிசையில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், எந்தக் குழந்தை படுக்கையை நனைத்தது, எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எல்லாம் அங்கே தொங்கும். பக்கத்து வீட்டு விஷயமும் அப்படித்தான் வெளியே வந்தது. ஒருநாள் காலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயிலே விழாத மூலையில், புதிதாக ஒரு குட்டைக் கயிறு கட்டியிருந்தது. அதில் பளிச்சுவின் துணிகள் மட்டும் தனியாகத் தொங்கின.

பளிச்சு என்பது சலவைக்கூடத்தில் நாங்கள் வைத்த பெயர். நானும் அவளும் அங்கேதான் வேலை பார்த்தோம். ஊரிலுள்ள ஆஸ்பத்திரி, விடுதி எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். எனக்கு மடிக்கிற மேசை, அவளுக்குக் கறை மேசை. இரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர், எண்ணெய் என்றால் சோடா என்று கண்ணால் பார்த்தே பிரித்துப் போடுவாள். அவள் கை பட்ட துணி பளிச்சென்று வெளியே வரும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. "போகாத கறைன்னு ஒண்ணு இருந்தா கொண்டு வாங்க, பாத்துடலாம்" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சவால் விடுவாள்.

ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிறவளின் துணியைத் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். பெண்களுக்குக் கீழே வருகிற பூஞ்சைத் தொற்று. அரிப்பு, எரிச்சல், திரிந்த பால்போல வெள்ளை. எங்கள் கூடத்தில் அது வராதவள் யார்? நாள் முழுக்க நீராவியில் நிற்கிறோம். மார்பிலிருந்து முழங்கால்வரை ரப்பர் ஏப்ரன், அதற்கு உள்ளே முதலாளி கொடுத்த நைலான் பேண்ட். வியர்வைக்கு வெளியே போக வழி இல்லாமல் அங்கேயே ஊறும். மழைக்காலத்தில் இன்னும் மோசம், காலையில் போட்டுக்கொள்கிற துணியே முழுசாகக் காய்ந்திருக்காது.

தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கு அரை டாக்டர் என்று பெயர். அவர் கடையில் போய் நின்றால் போதும், வாயைத் திறக்க வேண்டாம். முகத்தைப் பார்த்தே மாத்திரையை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, கள்ளச் சரக்கு கைமாற்றுவதுபோல் நீட்டுவார். ஒன்று போட்டால் அரிப்பு அடங்கும். அடங்கியதும் மிச்சத்தை அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவோம். ஊசி நூல், தலைவலித் தைலம் மாதிரி அந்த மாத்திரை அட்டையும் எங்கள் கூடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது.

பளிச்சுவுக்கும் முதலில் அடங்கியது. பிறகு திரும்ப வந்தது. திரும்பப் போட்டாள், திரும்ப அடங்கி, திரும்ப வந்தது. கடைசியில் மாத்திரை போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்றாகிவிட்டது. அப்போதுதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். கறை மேசைக்காரி ஒருத்திக்கு மட்டுமே தோன்றக்கூடிய தப்பு. ஓர் அலசில் போகாத கறைக்கு இன்னும் காரமான மருந்து என்பது அவள் தொழில். ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு ஊற்றுகிற கிருமி மருந்தைச் சின்ன பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய், தண்ணீரில் கலந்து, காலையும் மாலையும் கழுவிக்கொண்டாள். தீயாய் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். காலை அகட்டி அகட்டி அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் கேள்வி வந்தது.

வீட்டில் மூன்றே பேர். பளிச்சு, அவள் புருஷன், புருஷனின் அக்கா. புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாத்தனார் சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, தையல் மிஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கியவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சுவர் மெல்லிசு, பேசினால் எனக்கு ஒரு வார்த்தை தப்பாது.

"சுத்தமா இருக்கறவங்களுக்கு இதெல்லாம் ஏன் வருது?" என்று நாத்தனார் மிஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"அக்கா, ஊர் அழுக்கெல்லாம் நான்தான் வெளுக்கறேன். என்னப் பாத்தா சுத்தம் கேக்கறீங்க?"

"அதான் ஊர் அழுக்கெல்லாம் உன்மேல ஒட்டிக்கிச்சு. என் தம்பிக்கும் ஒட்டணுமா? துணிய தனியா துவை, தனியா காயப்போடு. சோப்பும் தனி."

"என்னங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது? கொஞ்ச நாளைக்குத்தானே. அக்கா சொல்றதக் கேளேன்."

ஊரையே மேலேயும் கீழேயும் அனுப்பிவைக்கிற மனுஷர், வீட்டில் மட்டும் எப்போதும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவார்.

கயிறோடு நின்றிருந்தால் அவளும் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த வாரமே நாத்தனார் அடுத்த சட்டத்தைப் போட்டார். "ஞாயித்துக்கிழமை அவ அண்ணன வரச்சொல்லு தம்பி. சரியாகற வரைக்கும் அங்க இருந்துட்டு வரட்டும்." அண்ணன் வீடு ஒற்றை அறை, அதில் ஏற்கெனவே ஐந்து பேர். பூஞ்சை என்று அனுப்பப்பட்டவள் என்ன சொல்லித் திரும்பி வருவாள்? போனால் போனதுதான். அது அந்த வீட்டில் மூன்று பேருக்குமே தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் தெரியும்.

மறுநாள் டீ நேரத்தில் பளிச்சு மூட்டைகளின் மேல் சாய்ந்து நின்றாள். உட்கார முடியவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பன்னை டீயில் தோய்த்தாள், ஆனால் தின்னவில்லை.

"நான் போகமாட்டேன்டி" என்றாள்.

"பின்ன என்ன பண்ணப் போற?"

"எதுக்கு இது போகமாட்டேங்குதுன்னு யாராவது சொல்லணும்ல? முழு டாக்டரா ஒருத்தரப் பாக்கப் போறேன். நீயும் வா."

அன்று சாயங்காலம் அரை டாக்டர் கடை வழியாகத்தான் வந்தோம். அவளைக் கண்டதும் அவர் கை தானாக அலமாரிக்குப் போய், கறுப்புப் பை நீண்டது.

"இதே மாத்திரைதான போன வாட்டியும் குடுத்தீங்க?"

"மெதுவாம்மா, ஆம்பளைங்க நிக்கறாங்க."

"நிக்கட்டுமே. அவங்க வீட்டுல பொம்பளைங்களே இல்லையா? கேக்கலீங்க, இந்த மாத்திரை எனக்குக் கேக்கவே இல்ல."

"அப்படின்னா ரெண்டாப் போட்டுக்க."

பளிச்சு பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, தாளைப் பிரித்து, மாத்திரையை எல்லாரும் பார்க்கக் கண்ணாடி மேசையின் நடுவில் வைத்தாள். "நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். இருமல் மருந்துக்கு நின்றிருந்த ஒருவர் மாத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லீவு கேட்டதுதான் பெரிய கூத்து. எங்கள் சூப்பர்வைசர் தன் தாத்தா கட்டிய கூடம் என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். பெரிய டிரம்கள் சுற்றும்போது அங்கே பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே கத்த வேண்டும். பளிச்சு அவர் எதிரில் போய் நின்றாள்.

"நாளைக்குக் காலைல லீவு வேணும்."

"என்ன?"

"லீவு! ஆஸ்பத்திரிக்கு!"

"எதுக்கு? காய்ச்சலா?"

"இல்ல!"

"என்னன்னு சொல்லு! காது கேக்கல!"

அவள் மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அதே நொடியில் அத்தனை டிரம்மும் கரண்ட் போய் நின்றன.

"கீழ அரிக்குது!"

ரோலர் இஸ்திரிக்காரி பாதி விரிப்பைப் பிடித்தபடி நின்றாள். சூப்பர்வைசரின் முகம் துருக்கறை நிறத்துக்குப் போனது. நானாக இருந்தால் பக்கத்து மூட்டைக்குள் புகுந்திருப்பேன். பளிச்சு ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு திறந்து, இப்போது சாதாரணக் குரலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கீழ அரிக்குது சார். பூஞ்சை. நாளெல்லாம் இந்த நைலானுக்குள்ள வேகறோம்ல, அதுல பெருகிடுச்சு. மாத்திரைக்கு அடங்கல. அதுக்குத்தான் லீவு."

முதலில் இஸ்திரிக்காரி சிரித்தாள். அப்புறம் "எனக்குந்தான் சார்" என்றாள். மூட்டை பிரிக்கிற பக்கத்திலிருந்து "எனக்கும்" என்று இன்னொரு குரல். யாரோ "சாருக்கு?" என்று கேட்டதும் கூடமே வெடித்தது. கரண்ட் வருவதற்குள் அவர் லீவைக் கொடுத்துவிட்டு ஓடியே போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா களைத்துப்போயிருந்தார். வெளியே பெஞ்சு முழுக்கப் பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஆனாலும் எங்களை விரட்டவில்லை. என்ன மாத்திரை, யார் கொடுத்தது, எத்தனை தடவை என்று கேட்டார். பளிச்சு ஒளிக்காமல் சொன்னாள். கிருமி மருந்து பாட்டிலுக்கு வந்ததும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"உடம்பு என்ன பெட்ஷீட்டாம்மா?"

பளிச்சு தலையைக் குனிந்தாள்.

"உள்ள இருக்கறத அதுவே சுத்தம் பண்ணிக்கும். நீ வெளுக்கறேன்னு போய் நல்ல கிருமியையும் சேர்த்து வெளுத்துட்ட. தோலெல்லாம் வெந்திருக்கு. இனிமே வெளிப்பக்கம் வெறும் தண்ணி, அவ்வளவுதான். அந்த பாட்டில இன்னிக்கே கொட்டிடு."

"அப்ப இது அழுக்குனால வரலையா?"

"அழுக்கா? யார் சொன்னா? இந்தப் பூஞ்சை கொஞ்சமா எத்தனையோ பேர் உடம்புல சும்மா இருக்கு. சமயம் கிடைச்சாப் பெருகும். இதுல உன் தப்பும் இல்ல, உன் வீட்டுக்காரர் தப்பும் இல்ல."

எரிச்சலுக்கு அழாதவள், கயிறு கட்டியபோது அழாதவள், அந்த ஒரு வார்த்தைக்கு அழுதாள். டாக்டரம்மா பஞ்சு சுற்றிய குச்சியால் மாதிரி எடுத்தார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க இரத்தமும் எடுக்கச் சொன்னார். எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்க்க நாளாகும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமையும் மழைதான். நனைந்துகொண்டே போனோம்.

"சர்க்கரை இல்ல. ஆனா இது வழக்கமா வர்ற பூஞ்சை இல்ல, வேற வகை. நீ முழுங்கின மாத்திரைக்கெல்லாம் இது மசியாது" என்றார் டாக்டரம்மா. "சிலது பிறவியிலயே முரடு. சிலது சும்மா சும்மா அந்த மாத்திரையப் பாத்துப் பாத்தே முரடாயிடும். அரைகுறையாப் போட்டா சொங்கி எல்லாம் செத்துடும், முரடு தங்கிப் பெருகும். ஒரு அட்டைய ஊரே பங்கு போட்டுத் தின்னுதாமே?"

கடைசிக் கேள்வியை அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வேறு மருந்து எழுதினார். கர்ப்பம் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். "இது உள்ள வைக்கற கேப்சூல். வாயில போட்டா விஷம், ஞாபகம் வெச்சுக்க. நல்லாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது, அடுத்தவளுக்கும் குடுக்கக் கூடாது. அவளுக்கு வந்தா அவ இங்க வரட்டும்."

"இதுல போயிடுமா டாக்டர்?"

"போகும்னுதான் பாக்கறேன். திரும்பவும் வரலாம். பிடிவாதக்காரப் பூஞ்சை."

"வரட்டும்" என்றாள் பளிச்சு. "அது பெரிய பிடிவாதமா நான் பெரிய பிடிவாதமான்னு பாத்துடலாம்."

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "உள்துணி பருத்தியாப் போடு. எங்க காயப்போடற?"

எங்கே காயப்போடுவோம்? உள்துணியைக் கொடியில் போட்டு, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவோம். எங்கள் மாடியில் அத்தனை பெண்களும் அப்படித்தான். யார் கண்ணிலும் படக் கூடாது. வெயிலுக்கும் காற்றுக்கும்கூட அதைக் காட்டியதில்லை.

"ஈரத்தோட போட்டா எரிச்சல் எப்படி அடங்கும்? போர்த்தறத நிறுத்து. வெயில்ல போடு, மொறமொறன்னு காயட்டும்" என்று டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் பளிச்சு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அழுக்கில்லை, யார் தப்பும் இல்லை, துணியைத் தனியாகத் துவைக்கத் தேவையே இல்லை. தையல் மிஷின் நிற்காமல் ஓடியது.

"டாக்டரம்மா ஆயிரம் சொல்லுவா. அவளா வந்து இந்த வீட்டுல குடித்தனம் பண்ணப் போறா? ஞாயித்துக்கிழமை அண்ணன் வரட்டும்."

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. முதுகெலும்பத் தவிர மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் பயமாகவும் இருந்தது. பேசத் தெரிந்தவள்தான், பேசினால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நிற்குமா?

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்தது. மாடியே திருவிழாக் கூட்டமாக இருந்தது. ஒரு வாரத்து ஈரத்தையும் அன்றே காயவைத்துவிட எல்லா வீடும் மேலே வந்திருந்தது. பளிச்சு ஒரு கையில் பக்கெட்டும் மறு கையில் ஒரு பெரிய கான்வாஸ் பையுமாக ஏறி வந்தாள். அந்தப் பையை நான் காலையிலேயே அவர்கள் வாசலில் பார்த்திருந்தேன். நாத்தனார் தன் கையாலேயே அவள் துணிகளை அடுக்கி மூடி வைத்திருந்தார்.

பளிச்சு பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தொட்டிக்குப் பின்னால் பாதிக் காய்ந்த துணிகள், முடை நாற்றம் குப்பென்று வந்தது. ஒன்று விடாமல் மறுபடி துவைத்தாள். குனிய முடியாமல் நின்றுகொண்டே அலசினாள். நான் பிழிந்து கொடுத்தேன். பிறகு வீட்டின் பெரிய கொடிக்குப் போய், நட்டநடுவில், புருஷனின் சட்டைக்கும் நாத்தனாரின் சேலைக்கும் இடையில் தன் துணிகளைப் போட்டாள். கடைசியாக உள்துணிகள். துண்டு போர்த்தாமல், க்ளிப் மாட்டி, வெயிலைப் பார்க்க.

மாடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கீழே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாத்தனார் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"டாக்டர் வெயில்ல போடச் சொன்னாங்க அக்கா. வெயில் இங்கதான் அடிக்குது."

"என் துணி கிடக்கற கொடிடீ இது!"

"என் துணியும்தான் கிடக்குது."

நாத்தனார் ஆத்திரத்தில் தன் துணிகளை உருவத் தொடங்கினார். சேலையை இழுத்தார். கொடியின் ஓரத்தில் கிடந்த கனத்த துண்டை வெடுக்கென்று இழுத்தார். துண்டுக்கு அடியில் அவருடைய உள்பாவாடையும் உள்துணிகளும் கிடந்தன. சாம்பல் பூத்து, ஈரம் போகாமல், மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோடு.

அவர் துண்டைத் திரும்பப் போர்த்தப் போனார். அவசரத்தில் அது நழுவிக் கீழே விழுந்தது.

பளிச்சு அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். கறை மேசையில் பார்க்கிற பார்வை. கிட்டே போய், எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இது துணிப் பூஞ்சை அக்கா. மூடி மூடி வெச்சா வர்றது. இத நான் எடுத்துடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்கும் அந்தத் தொல்லை இருக்கா?"

நாத்தனார் கொடியைப் பிடித்துக்கொண்டார். பேசும்போது அது அவர் குரலாகவே இல்லை.

"கல்யாணமான புதுசுல வந்தது. என் மாமியாக்காரி கொல்லைல ஒரு கயிறு கட்டினா. அதுலேருந்து யார்கிட்டயும் சொன்னதில்ல. போகும், வரும். இப்பவும்."

"அப்ப எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்குக் கட்டினீங்களா?"

நாத்தனார் கீழே விழுந்த துண்டையே பார்த்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, கோபமும் போகவில்லை. பளிச்சுவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் ஓரடி பின்னால் வைக்கவில்லை.

படியில் லிஃப்ட்காரரின் தலை தெரிந்தது. "உன் அண்ணன் வந்துட்டாரு. கீழ வண்டி நிக்குது. பை எங்க?"

பளிச்சு குனிந்து, காலிப் பையைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கி எடுத்து, உதறி, கொடியில் தலைகீழாக மாட்டினாள். தண்ணீர் தாரையாக ஒழுகியது.

"ஈரமா இருக்கு" என்றாள். "நான் எங்கயும் போகல. இங்க கொடில இடம் பத்தல, தொட்டிக்குப் பின்னால ஒரு கயிறு சும்மா கிடக்கு. அவுத்துட்டு வந்து வெயில் பக்கம் கட்டுங்க."

அவர் பையைப் பார்த்தார். வழக்கம்போல அக்காவைப் பார்த்தார்.

நாத்தனார் கீழே கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "என்னையே ஏன்டா பாக்கற? அதான் அவ சொல்றால்ல, கட்டு" என்றார். "அவ அண்ணனுக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பறேன்."

லிஃப்ட்காரர் தொட்டிக்குப் பின்னால் போய் முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் திணறினார். அவர் அக்கா கட்டிய முடிச்சு. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தார். வெயில் பக்கச் சுவரில் அதைக் கட்டி முடித்ததும், நாத்தனார் தன் புள்ளி விழுந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து அதில் போட்டார். துண்டு தோளிலேயே இருந்தது.

நான் எங்கள் கொடிக்குப் போய் என் துண்டையும் உருவினேன்.

திங்கட்கிழமை காலை பளிச்சுவின் துணிகள் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. மடித்து எடுத்துக்கொண்டு போனாள். பை மட்டும் காயவில்லை. தடித்த கான்வாஸ் அது. அந்த வாரம் முழுக்க அங்கேயே தொங்கியது, அந்த வீட்டில் யாரும் அதைத் தேடவில்லை.